இன்னிக்கா, நாளைக்கா? - தூரின் சந்தையிலிருந்து நெல்லிவாசல்நாடு வரை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு, "என்ன சார், மந்திரமா?" என்று கேட்பார்கள். 'புவோன்ஜோர்னோ', 'வொர்ரேய்', 'உன் எத்தோ', 'பாஸ்தா கொஸீ' என்று வரிசையாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

மந்திரம் இல்லை. இத்தாலியில் காய்கறி வாங்குவதற்காக என் மகள் எழுதிக் கொடுத்த சொற்கள். அவள் வேலை பார்ப்பது வட இத்தாலியில் உள்ள தூரின் நகரத்தில். அந்த ஊர்க்காரர்கள் 'தொரினோ' என்பார்கள். போன கோடையில் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் அங்கே போய் இருந்தோம். மகள் காலையில் ஆபீஸ் போய்விடுவாள். சமையல் எங்கள் பொறுப்பு. சமைக்க வேண்டுமென்றால் சந்தைக்குப் போக வேண்டும். சந்தைக்குப் போனால் பேச வேண்டுமே!

அங்கே போர்தா பலாட்சோ என்று ஒரு சந்தை. திறந்தவெளிச் சந்தைகளில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டமும் கூச்சலும் புதிதாக இருக்காது. மொரோக்கோவிலிருந்து வந்தவர் புதினாக் கட்டை நீட்டிக்கொண்டே கத்துவார். எதிர்க்கடைக்காரர் அதைவிட உரக்கக் கத்துவார். பின்பக்கம் ஒரு பெரிய கொட்டகை. சுற்று வட்டாரத்து விவசாயிகள் தங்கள் தோட்டத்துக் காயைத் தாங்களே கொண்டுவந்து விற்கிற இடம். 1999-ல் மதுரையில் தொடங்கி நம்மூருக்கெல்லாம் வந்த உழவர் சந்தை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே திட்டு வாங்கினேன். பீச் பழம் குவித்து வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கட்டைவிரலால் ஒன்றை அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரம்மா "நோன் தொக்காரே!" என்று ஒரு அதட்டல். தொடாதே என்று அர்த்தம். அது தாளில் இல்லை, ஆனால் புரிந்துவிட்டது. அங்கே சந்தையில் பழத்தை நாம் பொறுக்கக் கூடாது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், அவர்களே பொறுக்கிப் போடுவார்கள்.

அன்று சாயங்காலம் மகள் இன்னும் நாலு வரி சேர்த்தாள். கடைக்கு முன்னால் போய் நின்றதும் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவு. அங்கே வரிசை என்று ஒழுங்காக நிற்க மாட்டார்கள், கும்பலாகத்தான் நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர் "கீ எ லூல்திமோ?" என்று கேட்க வேண்டும். 'கடைசி ஆள் யாரு?' ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். ரேஷன் கடையில் செருப்பையும் பையையும் போட்டு இடம் பிடித்த தலைமுறை நான். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

எடைக்கு 'உன் கீலோ', 'மெட்ஸோ கீலோ' - ஒரு கிலோ, அரைக் கிலோ. இது பிரச்சினை இல்லை. 'எத்தோ' என்பதுதான் புதிது. நூறு கிராம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, 'உன் எத்தோ' என்றுதான் கேட்கிறார்கள். 'வொர்ரேய்' என்றால் எனக்கு வேண்டும் என்பதைப் பணிவாகச் சொல்வது. ருசி பார்க்கலாமா என்பதற்கு 'போஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?' இதைச் சொல்லப் பழகுவதற்குள் பழம் அழுகிவிடும். ஒவ்வொன்றும் போட்டு முடித்ததும் கடைக்காரர் "ஆல்த்ரோ?" என்பார் - வேறே? நாம் "பாஸ்தா கொஸீ" என்றால், போதும், அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து. போதும் என்கிற 'பாஸ்தா'வும் சாப்பிடுகிற 'பாஸ்தா'வும் அங்கே வேறு வேறு உச்சரிப்பு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். என் மனைவி தாளைப் பார்த்து அழுத்தமாகப் 'பாஸ்தா' என்று சொல்ல, தக்காளிக்காரர் தெருவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையைக் கைகாட்டினார்.

'நோஸ்த்ரானோ' என்று சில கூடைகளில் அட்டை குத்தியிருக்கும். நம்முடையது, இந்தப் பக்கத்தில் விளைந்தது என்று பொருள். நாட்டுத் தக்காளி, நாட்டுக் கத்தரிக்காய் என்கிறோமே, அதேதான். அதற்கு விலை கொஞ்சம் கூடுதல். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆனால் இந்தத் தாளில் என்னை உட்காரவைத்து யோசிக்கவிட்டது ஒரே ஒரு கேள்விதான். முலாம்பழம் கேட்டபோது கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "பெர் ஓஜ்ஜி ஓ பெர் தொமானி?" என்றார். இன்றைக்கா, நாளைக்கா? எப்போது வெட்டிச் சாப்பிடப் போகிறாய் என்று கேட்டு, அதற்குத் தகுந்த பழமாக மோந்து பார்த்து எடுத்துக் கொடுத்தார். அறுபது வருடமாக நான் பழம் வாங்குகிறேன். இப்படி ஒரு கடைக்காரர் என்னைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

'ரொம்ப விலை' என்பதற்கு இத்தாலியில் என்ன என்று மகளிடம் கேட்டேன். "எழுதித் தர மாட்டேன்பா. இங்க காய்கறிக்கு யாரும் பேரம் பேச மாட்டாங்க" என்றுவிட்டாள். அட்டையில் என்ன எழுதியிருந்ததோ அதைக் கொடுத்தேன். இரண்டு மாதமும் அப்படியே. ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. இது பின்னால் வரப்போகிற கதைக்கு முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குத் தாள் வேண்டாம் என்று நினைத்தேன்

நான் திருப்பத்தூர்க்காரன். கண் விழித்தால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. ஏலகிரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் படகுத்துறை, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் வரைக்கும் பார்த்தாயிற்று. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஏறுகிற புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு இந்த மூன்றுக்கும் ஒழுங்காகப் போனதே இல்லை. பக்கத்தில் இருப்பதால்தான் போகவில்லை.

இத்தாலியிலிருந்து வந்தபின் அக்டோபரில் என் பள்ளித்தோழன் கூப்பிட்டான். மலைப்பள்ளியில் பல வருடம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். "சீத்தாப்பழம் சீசன்டா. உன் வீட்டம்மாவுக்குச் சர்க்கரைன்னு சொன்னியே, சாமையும் வாங்கிக்கலாம். வா" என்றான். சர்க்கரைக்காரருக்குச் சீத்தாப்பழம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பழம் எனக்கு, சாமை அவளுக்கு. அப்படித்தான் எங்கள் வீட்டில் பங்கீடு.

மொழிப் பிரச்சினை இல்லாத ஊர். தாள் தேவையில்லை. நிம்மதியாகக் கிளம்பினேன்.

புதூர்நாடு வழியாக ஏறினோம். மழை பெய்து ஓய்ந்த மலை. வளைவுக்கு வளைவு ஈர மண் வாசனை. 'நெல்லிவாசல்' என்றதும் ஊர் வாசலில் ஒரு நெல்லிமரம் நிற்கும் என்று சின்னப் பிள்ளை மாதிரி தேடினேன். தோழன் சிரித்தான்.

இந்த 'நாடு' என்கிற சொல்லைப் பற்றி அவன் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். மலையில் நாடு என்றால் தேசம் இல்லை; பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். கொல்லிமலையிலும் இப்படித்தான் பெயர்கள் முடியும். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்த மலை ஊர்களில் சில இடங்களில், புதிய கற்காலத்தில் மனிதன் வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கைக்கோடரிகளை இன்றைக்கும் மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

"சாமையா, அரிசியா?"

சாலை ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடி. மூங்கில் கூடை நிறையச் சீத்தாப்பழம், பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குப் பின்னால் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும், வெயில் பத்து வருடம் கூட்டிக் காட்டியது.

இறங்கியவுடன் நான் செய்த முதல் காரியம், கூடைக்குள் கைவிட்டு ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கியது. தூரினில் வாங்கிய திட்டெல்லாம் விமானத்திலேயே இறங்கிப் போயிருக்கிறது! அந்த அம்மா அதட்டவில்லை. அமுங்கின பழத்தை மட்டும் மெதுவாக எடுத்துத் தன் பக்கம் தனியாக வைத்துக்கொண்டார்.

"கிலோ எவ்வளவும்மா?"

"கிலோவெல்லாம் இல்லண்ணா. கூட."

தராசே இல்லை. கூடை, இல்லாவிட்டால் கூறு. ஐந்தும் ஆறுமாகக் குவித்து வைத்திருப்பது ஒரு கூறு. இது எனக்குத் தெரியாத சொல்லா? சின்ன வயதில் அம்மா கூடப் போய்க் கூறு கட்டின கத்தரிக்காய் வாங்கினவன்தானே நான். ஆனால் சூப்பர் மார்க்கெட் வந்தபின் வாயில் கிலோ மட்டும்தான் மிச்சம்.

அடுத்து, "சாமை ஒரு ரெண்டு கிலோ" என்றேன்.

"சாமையா, அரிசியா?"

நான் விழித்தேன். சாமைதானே கேட்டேன், அரிசி எங்கே வந்தது? தோழன் குறுக்கே வந்து காப்பாற்றினான். சாமை என்றால் உமியோடு இருப்பது. உமி நீக்கினால் அது சாமை அரிசி. கடையில் பாக்கெட்டில் வாங்கியே பழகிய எனக்கு அது உமியோடு விளைகிறது என்பதே மறந்துபோயிருக்கிறது. சாமைக்கு உமி அழுத்தமானது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி எடுப்பது பெண்களின் அரை நாள் வேலையாக இருந்தது. இப்போது மெஷின் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் அரைத்து வருகிறார்கள். அதற்கும் கூலி, போக்குவரத்து. சாமைக்கும் சாமை அரிசிக்கும் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது இதில் இருக்கிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நானும் வாட்ஸ்அப்பில் சாமையின் பெருமையை நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் உமியைப் பற்றி ஒரு வரி அதில் இல்லை.

அரிசியே கேட்டேன். படியை எடுத்தார். 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது, கடைகளில் படி போய் லிட்டர் வந்தது. தானியம் விளைகிற வீட்டில் மட்டும் படி போகவில்லை. பட்டணம் படி என்றால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால் 'எந்தப் படி?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. 'தலை தட்டியா, குவிச்சா?' என்பது அடுத்த கேள்வி. விளிம்போடு வழித்துவிட்டால் தலை தட்டினது. மேலே கோபுரமாக நின்றால் குவித்தது. அந்த அம்மா குவித்துத்தான் அளந்தார்.

முதல் படியைப் பையில் கொட்டும்போது ஒன்று என்று சொல்லவில்லை. "லாபம்" என்றார். பிறகு "ரெண்டு... மூணு..." என் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது கேட்ட சொல். கேட்டு ஐம்பது வருடம் ஆகியிருக்கும். இத்தாலிக்காரர்களின் ஊனோ, தூவே, த்ரே-யை மனப்பாடம் செய்த எனக்கு, தமிழில் முதல் எண் லாபம் என்பது மறந்திருந்தது.

இந்த இடத்தில் எனக்கு வீரமாமுனிவர் ஞாபகம் வந்தார். அவர் பிறந்ததும் வட இத்தாலியில்தான், காஸ்திக்ளியோனே என்ற ஊர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1732-ல் சதுரகராதி தொகுத்தவர், தேம்பாவணி பாடியவர். அந்தப் பெருமையெல்லாம் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவர் செந்தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதியதோடு நிற்காமல், மக்கள் பேசுகிற தமிழுக்குத் தனியாக ஒன்று எழுதினார். லத்தீனில் எழுதிய அந்தப் புத்தகம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, ஏட்டுத் தமிழ் மட்டும் படித்துவிட்டுத் தெருவில் இறங்கினால் வேலைக்கு ஆகாது என்று. உள்ளூர்க்காரன் எனக்குத்தான் தெரியவில்லை.

முந்நூறு

சீத்தாப்பழக் கூடைக்கு வருவோம்.

"கூட எவ்ளோம்மா?"

"முந்நூறுண்ணா."

"இருநூறு வெச்சுக்கங்க."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த மௌனத்தை நான் நன்றாக அறிவேன் என்று நினைத்தேன். விலை இறங்கப் போகிறது என்று அர்த்தம். "சரி, இருநூத்தி இருபது. முழுக் கூடையும் எடுத்துக்கறேன், கடைசியா சொல்லுங்க" என்றேன்.

"சரி, எட்துனு போங்கண்ணா" என்றார்.

எண்பது ரூபாய் மிச்சம். எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த அம்மா கேட்டார்:

"இன்னிக்கித் துன்றதுக்கா, நாளிக்கா?"

எனக்கு ஒரு நொடி காது அடைத்துவிட்டது. 'பெர் ஓஜ்ஜி ஓ பெர் தொமானி?' அதே கேள்வி. அதே மாதிரி நிமிர்ந்து பார்த்த பார்வை.

"ரெண்டுக்கும்" என்றேன்.

ஒவ்வொரு பழமாக எடுத்துப் பிரித்தார். சீத்தாப்பழத்தின் மேலே இருக்கிற புடைப்புகளைக் கண் என்கிறார்கள். கண்ணும் கண்ணும் விலகி இடையில் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் பழம் முற்றியாயிற்று. கண் நெருக்கமாக, பச்சையாக இருந்தால் பிஞ்சில் பறித்தது. எத்தனை நாள் வைத்தாலும் கறுக்குமே தவிர ருசியாகப் பழுக்காது. அமுக்கிப் பார்ப்பதைவிட இது நல்ல சோதனை, பழத்துக்கும் கேடில்லை. தொட்டால் நெகிழ்வதெல்லாம் ஒரு பக்கம், 'இன்னிக்கி'. கல் மாதிரி இருந்தாலும் கண் விரிந்ததெல்லாம் இன்னொரு பக்கம், 'நாளிக்கும் நாளான்னிக்கும்'. இரண்டுக்கும் நடுவே ஒரு தேக்கிலையைச் செருகினார். "அரிசில பொதச்சி வெய்யிண்ணா, சீக்கிரம் பழுத்துரும்" என்று வேறு சொன்னார்.

பெயரில் சீதை இருந்தாலும் சீத்தாப்பழம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது என்பதுதான் தாவரவியலாளர்கள் சொல்வது. இத்தாலிக்காரர்கள் உயிராக நினைக்கிற தக்காளியும் அங்கிருந்து போனதுதான். அவர்கள் அதற்குத் தங்க ஆப்பிள் என்று அர்த்தம் வரும்படி 'பொமதோரோ' என்று பெயர் வைத்துத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். நாம் சீதை பெயரை வைத்துக்கொண்டோம். சாமை மட்டும்தான் அந்த மரத்தடியில் அசல் 'நோஸ்த்ரானோ', இந்த மண்ணிலேயே பயிரான தானியம்.

கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு கை நிறைய மலை நெல்லிக்காயை எடுத்துப் பையில் போட்டார். "இது எவ்வளவு?" என்றேன். "சும்மா எட்துனு போ. கொசுறு."

காரில் ஒரு பாடம்

மூன்று வளைவு இறங்கும்வரை தோழன் பேசவில்லை. பிறகு, "ஏன்டா பேரம் பேசினே?" என்றான்.

"எல்லாரும் பேசறதுதானே. நானூறு சொல்லிட்டு முந்நூறுக்குக் கொடுப்பாங்க, அதுதானே கணக்கு."

"பேரம் பேசறதுக்கு ரெண்டு பேருக்கும் அந்தப் பாஷை தெரியணும்டா. ரோட்டோரம் வந்து பழகினவங்க ஏத்தித்தான் சொல்லுவாங்க, நான் இல்லைங்கலை. அந்தம்மா ஏத்திச் சொல்லலை. முந்நூறுன்னா முந்நூறுதான். நீ அதை நானூறுக்குப் பதிலா முந்நூறுன்னு எடுத்துக்கிட்டே."

வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான், இலக்கணம் சொல்லிவிடுவான். ஆனால் யோசித்துப் பார்த்தால், விலையும் ஒரு வாக்கியம்தான். அவர் சொன்னது ஒரு அர்த்தத்தில், நான் கேட்டது இன்னொரு அர்த்தத்தில். மொழி தெரியாத தூரினில் அட்டையில் எழுதியதை அப்படியே நம்பிக் காசு கொடுத்தேன். தமிழில் வாய் திறந்து சொன்னதை நம்பவில்லை.

மேலும் கேட்டேன், சொன்னான். சீத்தா மரங்கள் இருப்பது சரிவில். விடிவதற்கு முன் போய்ப் பறித்து, தலையில் சுமந்து சாலைக்கு வர வேண்டும். பழம் இரண்டு நாள் தாங்காது. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால், கீழேயிருந்து வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. அதனால்தான் அந்த மௌனம். அது 'சரி, இறங்கி வருகிறேன்' என்கிற மௌனம் இல்லை, பொழுதைக் கணக்குப் போட்ட மௌனம். புளி, பலாவுக்கும் இதே கதைதான் என்றான். புளியை உலுக்குவதற்கு முன்பே மரத்தோடு குத்தகை பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் கல்யாணமோ வைத்தியமோ வந்தால் மரம் பூவாக இருக்கும்போதே விலையாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கூடையைப் பிரித்தாள். தேக்கிலையைப் பார்த்து, "யாரு இவ்ளோ பொறுப்பா அடுக்கினது?" என்றாள். 'இன்னிக்கி' பழம் அன்று ராத்திரி வாயில் கரைந்தது. 'நாளான்னிக்கி' பழம் சரியாக மூன்றாம் நாள் பழுத்தது. ஒன்றுகூட வீணாகவில்லை. எண்பது ரூபாய் சட்டைப்பையில் இருந்தது.

மலையேறுகிறவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாராவது ஜவ்வாது மலைக்குப் போனால் உதவட்டுமே என்று, ஃப்ரிட்ஜ் கதவில் இத்தாலியத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற என் இரண்டாவது தாளிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தேன் வாங்கினால், 'சுத்தமான தேனா?' என்று கேட்காதீர்கள். இல்லை என்று யார் சொல்வார்கள்? 'எந்தத் தேன்?' என்று கேளுங்கள். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய ஈ கட்டுவது மலைத்தேன். செடி கொம்பில் சின்ன ஈ ஒற்றை அடையாகக் கட்டுவது கொம்புத்தேன். மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேன், பொந்துத்தேன் என்றும் சொல்வார்கள். கொடுக்கு இல்லாத குட்டி ஈயினுடையது கொசுத்தேன். கொஞ்சம்தான் கிடைக்கும், விலையும் அதிகம். எந்தப் பூவில் எடுத்தது, எந்த மாதத்தில் எடுத்தது என்று கேட்டால் எடுத்தவருக்குப் பதில் இருக்கும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது இதெல்லாம் நம்பக்கூடிய சோதனை இல்லை. வீட்டில் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆனாலும் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள், நல்ல தேனும் உறையும்.

பலாவுக்கு வைகாசி, ஆனியில் போக வேண்டும். தட்டிப் பார்க்கலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'டொப்' என்று அடங்கின சத்தமும், முள் விலகிப் படிந்ததும் பழுத்ததற்கு அடையாளம். புளி என்றால் 'கொட்டையோடவா, தட்டினதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாமை அரிசியில் பொடிக்கல் இருக்கும், அரித்து எடுக்காமல் உலையில் போடாதீர்கள். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் எங்கள் வீட்டுக் கணக்கு.

சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். ஜி-பே அட்டை தொங்கும், ஆனால் மலை வளைவில் சிக்னல் இருக்காது. துணிப்பை கட்டாயம்.

மறுபடியும்

நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு வாரத்தில், மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் கூடை இல்லை. சீத்தா முடிந்துவிட்டது. ஒரு சின்னப் பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவை அடையாளம் சொல்லிக் கேட்டதும், "ஆயாவா? களத்துல சாம அடிக்கிறாங்க" என்று கைகாட்டினாள்.

களத்தில் நாலைந்து பேர். தாளை அடித்து, தூற்றி, குவித்திருந்தார்கள். நான் போய் நின்றேன். அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகமே இல்லை.

சாமை அரிசி நாலு படி கேட்டோம். விலை சொன்னார். சரி என்றேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு." குவித்துத்தான் அளந்தார். காசோடு எண்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு எண்பதைத் திருப்பி நீட்டினார்.

"இல்லம்மா, போன தடவ சீத்தாப்பழம் வாங்கினப்ப நான் எண்பது ரூபா கொறைச்சுக் கொடுத்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. என் மனைவியைப் பார்த்து, "அண்ணன் இன்னா சொல்றாரு?" என்றார்.

"பழத்துக்கு பாக்கி வெச்சிருக்காராம்க்கா" என்றாள் இவள்.

"பாக்கியா? அன்னிக்கிக் கேட்டாரு, குட்தேன். அதுல இன்னா பாக்கி?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்தார். பிறகு படியை மறுபடி சாக்குக்குள் விட்டார். எண்பது ரூபாய்க்கு எவ்வளவோ அவ்வளவு, கண்ணாலேயே அளந்து, எங்கள் பையில் கொட்டினார். மேலே ஒரு கை கொசுறும் போட்டார். கணக்கு முடிந்தது.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி கையைக் கிள்ளினாள். பேசாமல் பையின் வாயைக் கட்டினேன்.

"புதுச் சாமண்ணா. இன்னிக்கே ஆக்கிறாதீங்க" என்றார் அந்த அம்மா. "ரெண்டு நாளு வெயில்ல போட்டு எட்துனு ஆக்குங்க." அண்ணாந்து மேற்கே பார்த்தார். மேகம் கருத்துக்கொண்டு வந்தது. "வெயிலு வந்தா" என்று சொல்லிவிட்டு, களத்தில் கிடந்த தார்ப்பாயை இழுக்கப் போனார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.